இரண்டும் இடது கால்

கிரேஸ் டீச்சர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று பேச்சியம்மாள் போனில் சொன்னபோது, ஒருவருக்குச் செருப்பு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கடிக்குதுண்ணே” என்றார் அவர். அடுத்த அளவை எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஷட்டரை இறக்கினேன்.

பேச்சியம்மாள் எழுமலைப் பெண். டீச்சரிடம் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். நான் கோச்சடையில் செருப்புக் கடைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. ஒரு கல்லூரிப் பேராசிரியரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களைக் கேட்ட பிறகு, அந்தக் கூச்சம் எனக்குப் போய்விட்டது.

டீச்சர் ஒருநாள் கடைக்கு வந்து, ஒன்பதாம் நம்பரில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி கேட்டார். இடது கால் இரண்டையும் எடுத்துக்கொண்டு வலது இரண்டையும் என்னிடமே தள்ளினார்.

“ஆருக்கு டீச்சர் ரெண்டும் இடது காலு?”

“எங்க துறைத்தலைவருக்கு” என்றார் சிரிக்காமல்.

வகுப்பில் காட்டுவதற்காம். முதல் மாணவன் நான்தான். கண்ணை மூடச் சொல்லி, என் வலது காலில் இடது செருப்பை மாட்டிவிட்டார்.

“எங்கண்ணே இடிக்குது?”

“ஒரு இடம்னு சொல்ல முடியல டீச்சர். விரல்கிட்ட கொஞ்சம், குதிகால்ல கொஞ்சம், நடுப்பாதத்துல கொஞ்சம்.”

“அம்புட்டுத்தாண்ணே என் ஆராய்ச்சி.”

மருந்தில் இருக்கும் மூலக்கூறுகளிலும் இடது, வலது என்று இரண்டு உருவம் உண்டாம். ஒன்று நோயைக் குணமாக்கும். மற்றது சும்மா கிடக்கும், சிலசமயம் கெடுதலும் செய்யும். வேண்டிய உருவம் மட்டும் உண்டாகும்படி செய்கிற வினையூக்கியை வடிவமைப்பதுதான் அவர் வேலை. அதற்கு அவர் நம்பியது ஒரு பெரிய பிடியை அல்ல. பல இடங்களில் லேசாகத் தொடும் சின்னச் சின்ன ஈர்ப்புகளை.

“பசை போட்டுக் கெட்டியா ஒட்டிப்புட்டா சோலி முடிஞ்சுச்சுல்ல?” என்று வம்பிழுத்தேன்.

“ஒட்டிட்டா நீங்க செருப்போடதான் படுக்கணும். வேலை முடிஞ்சதும் விடணும்ணே. விட்டாத்தான் அடுத்த காலுக்குப் போக முடியும்.”

இந்த ஆராய்ச்சியை அவருடைய துறைத்தலைவர் ஒருநாளும் மதித்ததில்லை. “இம்புட்டுப் பலவீனமான ஈர்ப்பை நம்பி ஒரு ஆராய்ச்சியாம்மா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். “உங்க தலைக்கு மேல செவத்துல பல்லி நிக்குதே சார், அது எதை நம்பி நிக்குது?” என்றாராம் டீச்சர். பல்லியின் கால் சுவரில் ஒட்டுவதும் அதே மாதிரிச் சின்னச் சின்ன ஈர்ப்புகளால்தானாம். மனிதர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாராம். பேச்சியம்மாள் இதை எத்தனை தடவை சொன்னாலும் நான் கேட்பேன்.

இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். கல்லூரி வாசலிலேயே, குப்பைமேட்டில் அந்த இரண்டு இடது செருப்புகள். டீச்சர் அறையைக் காலி செய்தவர்கள், ஜோடி சேராதது என்று வீசியிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட, ஏன் இரண்டும் இடது என்று கேட்கத் தோன்றவில்லை. துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே துறைத்தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “மென்மையானவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லிக்குப் பயந்து துள்ளியவர் பேசுகிற பேச்சா இது? டீச்சர் உயிரோடு இருந்தவரை அவர் வேலையைப் பலவீனம் என்றீர்கள். செத்த பிறகு அவரையே பலவீனமாக்கி, அதற்கு மாலையும் போடுகிறீர்கள்.

கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, “இனி இதுக்கு வழிகாட்ட ஆள் இல்ல. வேற தலைப்பு எடுத்துக்கம்மா” என்றார். அவள் முகம் செத்துப்போனது. “இப்பத்தான்ணே நாங்க நினைச்ச உருவம் அதிகமா வர ஆரம்பிச்சுச்சு” என்றாள் என்னிடம். நான் பையை நீட்டினேன்.

எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், இரண்டு செருப்புகளையும் துறைத்தலைவரின் காலடியில் வைத்தாள்.

“ஒண்ணை வலது கால்ல போட்டு, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு இடம்னு சொல்லிட்டா, நான் தலைப்பை மாத்திக்கிறேன்.”

அவர் போடவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “சரி, இப்போதைக்கு இதையே செய்யி, பாப்போம்” என்றார்.

இப்போதைக்காம்.

டீச்சரை அறிந்தவர்களே, இடது இரண்டும் இன்று பேச்சியம்மாளின் மேசையில் இருக்கின்றன. எனக்கென்று அவர் விட்டுப்போன வலது இரண்டும் என் கடையின் மேல்தட்டில், விற்பனைக்கு இல்லாமல் இருக்கின்றன. தலைப்பை மாற்று என்று அந்தப் பெண்ணை இன்னொரு தரம் கூப்பிட்டால், அவற்றையும் எடுத்துக்கொண்டு நானே வருவேன். செருப்புக்காரன் கண் முதலில் காலுக்குத்தான் போகும். கூட்டத்தன்றே பார்த்துவிட்டேன்: துறைத்தலைவருக்கு ஒன்பதாம் நம்பர்.