வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

நாங்கள் இருக்கும் எமிரேட் சின்னது. போலீஸ் ஸ்டேஷன்களும் கொஞ்சம்தான். ஒவ்வொன்றுக்கும் தலைமை அதிகாரியாக ஒரு முதீர், அத்தனை முதீர்களுக்கும் மேலே ஒரு கமாண்டர். துணிக்கடைக்காரனுக்குப் போலீஸோடு என்ன சகவாசம் என்று என் மனைவி கேட்காத வாரம் கிடையாது. இங்கே இறந்துபோகிற நம் ஆட்களை ஊருக்கு அனுப்பும் காகித வேலைகளை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துவருகிறோம். உடல் பிணவறையைவிட்டு வெளியே வர வேண்டுமானால், மரணம் நடந்த பகுதியின் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வேண்டும், அதில் முதீரின் கையெழுத்து வேண்டும். கடைக்கு வரும் அரபிப் பெண்களோடு பேரம் பேசிப் பேசியே எனக்கு அரபி பழகிவிட்டதால், ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்குவது என் தலையில் விழுந்தது.

முதீர்களின் அறைகளில் கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் ஷீல்டுகள் இருக்கும். வழக்குகளை வேகமாக முடிக்கும் ஸ்டேஷனுக்கு ஆண்டுதோறும் கமாண்டர் கையால் விருது உண்டு. ஒரு முதீர் எனக்கு டீ வரவழைத்துவிட்டு, ஒவ்வொரு ஷீல்டாக எடுத்துக் காட்டி விளக்கியதில் டீயே ஆறிப்போனது. நான் கேட்டு வந்த கடிதத்தை மட்டும் மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த ஸ்டேஷனின் முதீர் வேறு மாதிரி. அவர் அறையில் ஒரு பிளாஸ்க்கும் சர்க்கரை மாத்திரை டப்பாவும்தான் இருந்தன. நரைத்த மீசை, கனத்த உடம்பு, உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அவருக்கு ஒரு விருதுகூட வந்ததில்லை. செத்தவர்களுக்காக அவர் செலவழித்த நேரத்துக்கு அந்த விருதில் மதிப்பெண் கிடையாது.

இங்கே வெள்ளிக்கிழமை மதியத்தோடு அலுவலகங்கள் மூடிவிடும். பிறகு திங்கட்கிழமைதான். வெள்ளி மதியத்துக்குள் ஒரு காகிதம் குறைந்தாலும் உடல் திங்கள் வரை குளிரில் கிடக்க வேண்டியதுதான். மற்ற ஸ்டேஷன்களில் எனக்கு அப்படித்தான் பதில் வரும். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது, விதி அது. இந்த முதீரின் எல்லைக்குள் நடந்த மரணமென்றால் மட்டும் நான் தைரியமாக அவருடைய கைபேசிக்கு அழைப்பேன். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வீட்டில் உடுத்தும் நீள வெள்ளை அங்கியான கந்தூராவோடு வந்து ஸ்டேஷனைத் திறப்பார். இறந்தவருடைய பாஸ்போர்ட் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஆஸ்பத்திரிக் காகிதம் இன்னும் வரவில்லை என்பேன். அது வரும்போது வரட்டும் என்று கையெழுத்துப் போடுவார். அன்று இரவே உடல் விமானம் ஏறிவிடும்.

அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது நாங்கள் கூடிப் பேசினோம். போகும்போதாவது மேலதிகாரி வாயால் அவர் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஆசை. வேறெதுவும் கேட்கவில்லை. லேபர் கேம்ப்பின் மெஸ் ஹாலில் ஒரு பாராட்டு விழா என்று முடிவானது. கமாண்டருக்கும் அழைப்பு அனுப்பினோம். வரமாட்டார் என்று நினைத்துத்தான் அனுப்பினோம். வந்துவிட்டார்.

போலீஸார் பரிசு எதுவும் வாங்கக்கூடாது என்று கமாண்டர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் இரண்டு பொன்னாடையோடு நிறுத்திக்கொண்டோம். நம் ஊர்த் தலைவர்கள் பொன்னாடை தோளில் விழுந்த மறுநொடியே அதைப் பின்னால் நிற்பவர் கையில் தள்ளிவிடுவார்கள். இவர்களுக்கு அந்த வித்தை தெரியாது. மரியாதைக்குப் போர்த்தும் பிஷ்த் அங்கி போல என்று எண்ணிக்கொண்டு, சீருடைக்கு மேல் ஜரிகை மின்ன, புழுக்கத்தில் வியர்த்தபடி இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். கழற்றலாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

மேடையில் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பேசியதில் பாதி அடுக்குமொழி, அதையெல்லாம் நான் ஒரே வரியில் சுருட்டிவிட்டேன். பிறகு பெரம்பலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் மைக்கைப் பிடித்தார். அவருடைய தம்பி சாரத்திலிருந்து விழுந்து இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியலில். நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ரூல்ஸு அது இதுன்னு ஒண்ணும் பாக்கல அய்யா. பேப்பரே வரல, லீவு நாளு, இருந்தாலும் கையெழுத்துப் போட்டாரு. சட்டத்தப் பாத்து மூணு நாளு போட்டிருந்தா, அடிபட்ட எந்தம்பி மொகத்த எங்கம்மா பாத்திருக்காது."

ஹாலே கைதட்டியது.  நம் ஊரில் ஓர் அதிகாரியை இதைவிட உயர்த்திப் பேச முடியாது. விதியைப் பார்க்காமல் மனுசனைப் பார்த்தார் என்பதுதான் நமக்குப் பெரிய புகழ்ச்சி. அதையே அவருடைய மேலதிகாரியின் காதில், அரபியில் போட்டால், அது குற்றப்பத்திரிகை. ஓய்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத மனிதரை, மாலை மரியாதையோடு கூப்பிட்டு, நாங்களே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதீர் இரக்கமுள்ளவர், இவர் நன்றி சொல்கிறார் என்று அரபியில் முடித்துக்கொண்டேன். கொத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தான் அவ்வளவு பேசியது இத்துணூண்டாகப் போனதில் அவருக்குக் கோபம்.

"என்ன பாய், நான் சொன்னத முழுசாச் சொல்லலயே நீங்க," என்றவர், கமாண்டர் பக்கம் திரும்பி, சைட்டில் பேசும் இந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். "சார், பேப்பர் மாஃபி. ஃபிர் பீ முதீர் ஸைன் கியா. ஜும்மா கா தின். காவ் மே அம்மா, பாயி கா மூ தேக்னா."

வளைகுடாவில் அந்த இந்தி புரியாத அரபி யார்? காகிதம் இல்லை, ஆனாலும் முதீர் கையெழுத்துப் போட்டார், வெள்ளிக்கிழமை, ஊரில் அம்மா தம்பி முகத்தைப் பார்க்க வேண்டும். கமாண்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் வயதில் இளையவர், நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். சிரிப்பு மறைந்த முகத்தோடு முதீரிடம் உண்மைதானா என்று கேட்டார். முதீர் எழுந்து நின்றார். உண்மைதான், திங்கட்கிழமை காகிதம் வந்ததும் கோப்பில் சேர்த்தேன், இது ஒன்று மட்டுமல்ல, இப்படிப் பல கையெழுத்துகள் போட்டிருக்கிறேன் என்றார். ஒரு வார்த்தையைக்கூட அவர் விழுங்கவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

கமாண்டர் கொத்தனாரைப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்த்தாரா என்று அதே இந்தியில், "அம்மா தேகா?" எனக் கேட்டார்.

"தேகா, சார். அச்சா ஸே தேகா." நன்றாகவே பார்த்தாராம்.

கமாண்டர் முதீர் பக்கம் திரும்பினார். அவர் அரபியில் சொன்னது அந்த ஹாலில் எங்கள் ஆட்களில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

"இதை ஏன் என்னிடம் நீங்கள் சொல்லவில்லை? மற்ற ஸ்டேஷன்களின் எல்லையில் இறந்தவர்களுக்குத் தாய் கிடையாதா?"

 முதீரின் தலை மெல்லத் தாழ்ந்தது. கமாண்டர் எழுந்து அவர் முன்னால் வந்து, அந்தப் பெரிய உடம்பைத் தோளோடு பிடித்து, நெற்றியில் முத்தமிட்டார். இங்கே மகன் தகப்பனுக்குச் செய்கிற மரியாதை அது. பிறகு என் பக்கம் திரும்பி, இனி எல்லா ஸ்டேஷனிலும் விடுமுறை நாட்களில் இந்தக் கடிதத்துக்கென்றே ஓர் அதிகாரி இருப்பார் என்று இவர்களுக்குச் சொல் என்றார். சொன்னேன்.  நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் ஆர்ப்பரித்துவிட்டது. இத்தனை வருடம் எங்களுக்கு இருந்த ஆசை ஒரு நல்ல வார்த்தைதான். கிடைத்தது அதைவிடப் பெரிது. சந்தோஷத்தில் கொத்தனாரைக் கட்டிக்கொண்டு, இனிமேல் மைக் பக்கமே வராதீர்கள் என்று திட்டினேன்.

எல்லோரும் கலைந்த பிறகு முதீரை வழியனுப்ப அவருடைய கார் வரை போனேன். சந்தோஷமா சார் என்று கேட்டேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரைத் திறக்காமல் நின்றார்.

"அவர் சொன்னது சரி. நான் அதை என் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். வேலை என்று நினைத்திருந்தால் மேலே சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு, "நீ எல்லா ஸ்டேஷனுக்கும் போகிறவன். திங்கட்கிழமை வரை கிடந்தவர்கள் நிறையப் பேரா?" என்று கேட்டார்.

எனக்கு ஒவ்வொருவரையும் தெரியும். ஊரிலிருந்து என்னை அழைத்து, புள்ள எப்பய்யா வரும் என்று கேட்ட குரல்களையும் தெரியும். ஞாபகம் இல்லை சார், ஒன்றிரண்டு இருக்கலாம் என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கார்களுக்கு நடுவில், நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் ஏந்தி, அந்தத் தாய்மார்களுக்காக துஆ கேட்டார். பக்கத்தில் நின்று நான் ஆமீன் சொன்னேன்.