மேரி கழுவாத ஈஸ்ட்

டார்க் ரூமிலிருந்து மேரி ஈர ஃபிலிமோடு வந்தாள். மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தத் தடவையும் கறுப்புக் கோடு வரவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்த காலம். மேரி பிஎச்டி மாணவி. மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்.

அவள் ஆராய்ச்சி ஈஸ்ட்டில். ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் செய்கிற மெஷின். அதைக் கட்ட ஏகப்பட்ட செலவு. சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால்தான் ஈஸ்ட் அந்த மெஷினுக்கான ஜீன்களை ஓடவிடும். சர்க்கரை நின்றால் சில நிமிடங்களிலேயே அடக்கிவிடும். ஜீன் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு கறுப்பாக ஃபிலிமில் கோடு விழும். ஆக, சாப்பிட்ட ஈஸ்ட்டுக்குக் கறுப்புக் கோடு வரணும், பட்டினி ஈஸ்ட்டுக்கு மங்கல் கோடு. மேரிக்கு இரண்டுமே மங்கல்தான்.

"இந்த மாசமும் இப்படின்னா ப்ராஜெக்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா. எதைக் காட்டி உனக்கு ஃபெலோஷிப் நீட்டிப்பு கேக்கறது?" என்றார் அவள் கைடு சார். ஃபெலோஷிப் பணம் நின்றால் அவள் படிப்பும் நின்றது.

திட்டு விழுந்த நாளில் மேரி டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டாள். எனக்கு அதுதான் தாங்காது. கெமிக்கலை மாற்றினோம், ஜெல்லை மாற்றினோம். ஊஹூம்.

கோடையில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேனும் காலி. மேரி ஈஸ்ட்டை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, தண்ணி கீதா?"

"சொட்டு இல்லடி. அப்படியே லிக்விட் நைட்ரஜன்ல போட்டு உறைய வை."

"கழுவாமயா?"

"ஏன், கொழம்பு வைக்கப் போறியா? போடுடி."

கழுவுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மீனை அலசுகிற மாதிரி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஈஸ்ட்டையும் அலசுவாள்.

அந்தத் தடவை சாப்பிட்ட ஈஸ்ட்டுக்கு ஃபிலிமில் மை வைத்தாற்போல் கறுப்பாக ஒரு கோடு. மேரி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, கழுவும்போது ஒட்டிக்கினு இருந்த சர்க்கரையும் போயிடுது. சோறு நின்னுச்சின்னு எல்லாத்தியும் நிறுத்திடுதுங்க. சாப்பிட்டதையும் நான்தான் பட்டினி போட்டுகினு இருந்துகிறேன்." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கழுவியதையும் கழுவாததையும் ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி சாரிடம் காட்டினாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீட்டிப்புக்கு இன்னிக்கே எழுதறேம்மா" என்றார்.

மறுநாள் மேரி எனக்குத் தனி டப்பாவில் சங்கரா மீன் குழம்பு கொண்டு வந்தாள். "இத நாலு தண்ணி கழுவினேன்கா. பயப்படாம துன்னு." அவள் பாக்ஸையும் திறந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: செல்லை முதலில் உறைய வையுங்கள், சுத்தமெல்லாம் அப்புறம். அவர்களுக்கு கைடாக இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. பிள்ளை டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஃபிலிமைக் கீழே வையுங்கள், முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.