சிப் வைக்காத சாவி

துபாயின் அல் கூஸில் பைக்குகளுக்குச் சாவி செய்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். வலது கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவையும் உரிமையாளரின் ஐடியையும் பார்க்காமல் எந்த வண்டியையும் தொடமாட்டார். தொலைந்துபோன என் சாவிக்கு மாற்றுச் சாவி வாங்க அவரிடம் போயிருந்தேன்.

அப்போது ஒருவன் பிக்கப்பில் ஒரு பைக்கை ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் நீட்டிய முல்கியாவில் வேறு பெயர் இருந்தது.

“ஓனர் எங்கப்பா?”

“என் ரூம்மேட்ணே. முந்தாநாள் சைட்ல மேலருந்து விழுந்து செத்துட்டான். சாவியக் காணோம். பாஸ்போர்ட்ட சீட்டுக்கடியில வச்சிருந்தான். அது இல்லாம பாடிய ஊருக்கு அனுப்ப முடியாதாம்.”

“ஓனர் இல்லாம சாவி போடமாட்டேன்.”

அவன் கெஞ்சவில்லை. அங்கேயே நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு வெட்டாத சாவியை எடுத்து, பூட்டில் விட்டுப் பார்த்துப் பார்த்து அராவினார். “இதுல சிப் வைக்கல. சீட்டு தொறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.”

திறந்தது. பாலித்தீன் உறைக்குள் பாஸ்போர்ட் இருந்தது. அதை அவனிடம் கொடுத்துவிட்டு, சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.

அவன் பைக்கை ஏற்றிக்கொண்டு போனதும், “சாவிய ஏன் குடுக்கல?” என்று கேட்டேன்.

“வண்டி இனிமே செத்தவன் வீட்டாளுங்களோடது. அவங்க வந்து கேட்டா சிப் போட்டுக் குடுப்பேன்.”

ஊரிலிருந்து யார் வரப்போகிறார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். வண்டி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சாவியோடு கட்டி ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே நாலைந்து சாவிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருந்தது.