நாகசாமிக்குக் கட்டிய வேட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். அந்த ஆண்டு சாரல் பொய்த்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீரும் இல்லை, கூட்டமும் இல்லை. ஞாயிறு இதழுக்கு வேறு ஏதாவது அனுப்பும்படி அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது.

கடையம் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே ஒரு பாறை. அதன் அடியில் ஆள் உயரக் கல்லில் ஆடையில்லாமல் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நிற்பார். தலைக்கு மேல் ஐந்து தலைப் பாம்பு, பீடத்தில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சமணப் பெண் துறவி, இறந்துபோன தன் மாணவிக்காகச் செய்வித்த திருமேனி என்று ஒரு தமிழாசிரியர் படித்துச் சொல்லியிருந்தார். கழுகுமலைக்கு யாத்திரை போனவர்கள் அங்கே தங்கியிருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

ஊராருக்கு அது நாகசாமி. மற்றச் சாமிகளுக்குக் கிடா வெட்டுகிறவர்கள் இதற்குச் சர்க்கரைப் பொங்கல் மட்டும் வைப்பார்கள். அதையும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. சமணர் இரவில் உண்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எழுதவில்லை. நான் எழுத விரும்பியது சாமியின் இடுப்பில் இருந்த வேட்டியைப் பற்றி.

அதை வெள்ளிதோறும் துவைத்துக் கட்டியவள் ஐம்பது வயது விதவை. மாமியாருக்குப் பிறகு விளக்கும் எண்ணெயும் அவள் பொறுப்பு. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அவுக்கணுமா? சாமி கோவிச்சுக்கிடும், தம்பி."

"ரெண்டு நிமிசந்தான். படம் பேப்பர்ல வந்தா சர்க்கார் கூரை போட்டுத் தரும்" என்றேன். எந்த அதிகாரியையும் நான் கேட்டிருக்கவில்லை.

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். படம் எடுத்து முடியும்வரை வேட்டியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

'சமணருக்கு வேட்டி கட்டிய ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். படம் மூன்று பத்தி அகலத்தில் வந்தது. அடுத்த வாரம் அந்த ஊர் டீக்கடையில் என்னைத் தெரியாதவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, அவ புருசன் போயி பத்து வருசமாச்சுல்லா. அதான் சாமி வேட்டிய உருவிட்டா."

"உருவுனதுமில்லாம பேப்பர்லயும் போட்டுட்டாளே."

சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். ஊர்க்கூட்டம் போட்டு, அவள் இனிக் கல்லைத் தொடக்கூடாது என்று தீர்மானித்திருந்தார்கள். விளக்கு வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது.

திருத்தம் வெளியிடலாமா என்று யோசித்தேன். செய்தியில் பிழை எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் அவளைப் பார்த்தேன். பாறையிலிருந்து இரண்டு வயல் தள்ளி வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"கூரை எப்பம் வரும், தம்பி? மழைக்குள்ள வந்துருமா? அது வந்துட்டா அவங்க என்னைய மறுபடி விட்டுருவாங்க."

"எழுதியிருக்கேன்" என்றேன்.