தியாகராசா குடிக்கவில்லை

என் அத்தான் தியாகராசா வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. இதை நான் சத்தம் போட்டுத்தான் சொல்கிறேன். மெதுவாகச் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் அவருக்கு வெங்காயத் தோட்டம். சந்தையில் நல்ல விலை போன நாட்களில் கூட்டாளிகள் குடிக்கத் தவறணைக்குப் போவார்கள். அத்தான் தேத்தண்ணிக் கடைக்குப் போவார். பாழாய்ப்போன சீனியை மட்டும் அளவில்லாமல் போடுவார். சலரோகம் என்ற சீனி வியாதி வந்தது, உடம்பு பருத்தது, ஈரலில் கொழுப்புப் படிந்தது. கிளினிக்கில் கண்டுபிடித்தபோது ஈரல் பாதி சுருங்கிப் போயிருந்தது.

வயிறு வீங்கிக் கண் மஞ்சளானதும் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஈரல் வருத்தம் என்றால் குடிதான், வேறு பேச்சே இல்லை. எப்போது துவங்கினவர் என்று சந்தையில் ஒருவன் என்னிடமே கேட்டான். பார்க்க வந்த சொந்தங்கள் தோடம்பழத்தோடு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். வெட்கங்கெட்ட சனங்கள்.

ஊரை அத்தான் பொறுத்துக்கொண்டார். மகன் கஜீபனைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கனடாவிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் இனியாவது குடியை விடுங்கோ அப்பா என்று கெஞ்சுவான். குடித்தால்தானே விடுவதற்கு? அத்தான் கத்துவார், பிறகு அழுவார். மகன் தன்னை நம்பவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மாசியில் மறுபடி ரத்தம் சோதித்தார்கள். முடிவு கேட்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் சாருஜா இளம்பெண், நல்ல பொறுமைசாலி. பிலிருபின், கிரியட்டினின், சோடியம், ரத்தம் உறைய எடுக்கும் நேரம் இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் எண் கணக்கிடுவார்களாம். எண் கூடக்கூட ஆபத்தும் கூடுமாம். அத்தானுடைய எண் போன முறையைவிட நன்றாக ஏறியிருந்தது. வரும் மூன்று மாதங்களைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது கிடக்கட்டும் பிள்ளை," என்றார் அத்தான். "நான் குடிக்கேல்லை எண்டு என்ரை ரத்தம் சொல்லுதோ?"

இந்தச் சோதனை இனி நடக்கப்போவதைத்தான் சொல்லும், குடியைக் காட்டும் சோதனை வேறு, அதுவும் கடைசிச் சில வாரங்களைத்தான் காட்டும் என்று டொக்டர் விளக்கினார். அத்தானின் முகம் விழுந்ததைக் கண்டு, குடிக்காமலே இந்த வருத்தம் வந்தவர்கள் தன்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள், உங்களுக்கும் அப்படித்தான் என்றார். அத்தான் உடனே மகனுக்குப் போன் எடுத்து டொக்டரின் கையில் கொடுத்துவிட்டார். அவரும் பாவம், முழுவதையும் மகனுக்குச் சொன்னார். விளங்குது டொக்டர் என்று அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது அத்தான் சிரித்துக்கொண்டு வந்தார். தன் ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகன் நம்பிவிட்டான் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சித்திரை முடியமுன் போய்விட்டார்.

கஜீபன் வந்து கொள்ளி வைத்தான். எட்டுச்செலவு அன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். அத்தானின் மனைவி, என் பராசக்தி அக்கா, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். கஜீபன் அறைக்குள் போய், விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து இலையருகே வைத்து மூடியையும் திறந்தான்.

"பாவம் அப்பா, ஒளிச்சு ஒளிச்சுத்தானே குடிச்சவர். இண்டைக்காவது நிம்மதியாக் குடிக்கட்டும்."

டொக்டர் உனக்குச் சொன்னவ எல்லோ என்று கேட்டேன். நோயாளிக்கு முன்னால் டொக்டர்மார் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றான். அவனை அறைய என் கை எழுந்தது. அதற்குள் அக்கா போத்தலைத் தூக்கி அவன் நெஞ்சில் இடித்துக் கையில் திணித்தாள்.

"நீ நம்பிட்டாய் எண்டுதானடா அந்த மனிசன் சிரிச்சுக்கொண்டு செத்தது," என்றாள். "இதைக் கொண்டு வெளியாலை போ."