பயிற்சி முடித்ததற்கு ஒரு கையெழுத்து

வேலைப் பக்கமே போகாதவனுக்கு ‘வேலையைச் சிரத்தையாகச் செய்தான்’ என்று சர்டிபிகேட் அடித்துக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ். அதில் ‘தொழில் தொடர்புப் பிரிவு’ என்று போர்டு மாட்டிய ஓர் அறை. அறைக்குள் ராகவன் சார், இரண்டு பீரோ, ஒரு டைப்ரைட்டர், நான். சாலைக் கடைத்தெருப் பக்கம் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அனுப்பி வைத்த நூற்றெழுபத்தொன்பது நாள் வேலை. இன்னும் ஒரு நாள் சேர்த்துக் கொடுத்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோமாம். அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

பிரிவின் நோக்கம் நல்ல நோக்கம். கடைசி வருஷப் பிள்ளைகளை ஆறு வாரம் ஏதாவது தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். வேலைக்குப் போகிற அன்று மெஷினைப் பார்த்து முழிக்கக் கூடாது, அதற்காக. அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பேப்பரை அடித்தவள் நான். அடுத்தவர் சொன்ன பொய்யை ஸ்பெல்லிங் பிசகாமல் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்டுகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நடக்கப் போவது நடந்துவிட்டது

சேர்ந்த மூன்றாம் நாள். எலக்ட்ரிக்கல் பையன்கள் ஒன்பது பேருடைய பெயர்ப்பட்டியலை ராகவன் சார் கொடுத்தார். கூடவே ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் லெட்டர்ஹெட் ஒரு கட்டு. தொழிற்சாலைக்காரர்களே மொத்தமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். ‘ஆறு வாரப் பயிற்சியைத் திருப்திகரமாக முடித்தார்’ என்று ஒவ்வொருவனுக்கும் அடிக்க வேண்டும்.

ஒன்பதும் அடித்தேன். அப்புறம் தேதியைப் பார்த்தேன். பயிற்சி ஆரம்பிக்கவே இன்னும் பத்து நாள் இருந்தது. “சார், இவங்க இன்னும் போகவே இல்லையே, திருப்தின்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். ராகவன் சார் மலையாளி. எங்களோடு தமிழ்தான் பேசுவார், அதாவது மலையாளத்தையே தமிழ் மாதிரி நீட்டுவார். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: “கொச்சே, கம்பெனிக்காரங்களுக்கு அடிக்க நேரமில்ல, நமக்கு அலைய நேரமில்ல. இதுக்குப் பேருதான் ஒத்துழைப்பு.”

பென்சில் குறி

அந்த ஒன்பதையும் எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துப் பாப்பனங்கோடு தாண்டிப் போனேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது ராகவன் சார் ஏற்பாடு. மானேஜர் டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, லாரி ஏன் வரவில்லை என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. இடது கை தாளின் மூலையை மட்டும் தூக்கும், வலது கை குறியின் மேல் கையெழுத்துப் போடும். பக்கத்தில் ஒருவர் சீல் அடித்துக்கொண்டே வந்தார். நான் நாலு நாள் மெனக்கெட்டு மார்ஜின் பார்த்து அடித்தது ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், ஒண்ணையாவது படிச்சுப் பாருங்க” என்றேன். டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “மோளே, படிச்சா ஒப்பிட மனசு வராது” என்றார். ஒப்பு என்றால் அவர்கள் பாஷையில் கையெழுத்து.

உறவு தொடர வேண்டும்

இடையில் ஒரு பெரிய கம்பெனியின் ஆபீசர் வந்து மாணவர்களுக்குப் பேசினார். தொழிலில் உயர்வது எப்படி என்று முக்கால் மணி நேரம். ஷூ பளபளக்க வேண்டுமாம், கை குலுக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டுமாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “இந்த வருஷம் எங்களில் எத்தனை பேரை எடுப்பீர்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அதற்காகத்தான் கதவோரம் நின்றிருந்தேன். ஆபீசர் சிரித்தபடி, “ஆளெடுக்கிற உத்தேசம் இல்லை, ஆனால் உங்கள் காலேஜோடு உறவு தொடர வேண்டும்” என்றார்.

பதின்மூன்றாவது பெயர்

அடுத்து மெக்கானிக்கல் முறை. வகுப்பில் பதின்மூன்று பேர், என் கையில் வந்த பட்டியலில் பன்னிரண்டு பெயர். விட்டுப்போன பெயர் வத்ஸலா. அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண். அப்பா பஸ் கண்டக்டர், வீடு கரமனை ஆற்றுப் பக்கம். எனக்கு மூன்று நாலு வயது மூத்தவள் என்பதால் சேச்சி என்று கூப்பிடுவேன்.

பெண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லி நாலு தொழிற்சாலைக்குக் கடிதம் அடித்தேன். நாலு பதிலும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றுதான்: பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. ராக்கெட் விடுகிற ஊரில் ஒரு கக்கூஸ் கட்ட ஆள் இல்லையாம். இதற்குள் மே பிறக்கப் போகிறது. ஜூன் முடிவதற்குள் சர்டிபிகேட் வராவிட்டால் சேச்சிக்கு ஒரு வருஷம் போச்சு. அவள் அப்பாவோ, ஒரு வருஷம் போனால் கல்யாணம்தான் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் அந்தப் பம்ப்செட் மானேஜர்தான் வழி சொன்னார். பெண் பிள்ளை எதற்கு அலைய வேண்டும், வீட்டிலேயே இருக்கட்டும், சர்டிபிகேட்டை அனுப்புங்கள், ஒப்பிட்டுத் தருகிறேன். ராகவன் சார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். “காலேஜ் லேத்துல பன்னண்டு பேர் சுத்தி நிப்பாங்க சார், நான் அவங்க முதுகைத்தான் படிச்சேன். நாளைக்கு ஒருத்தர் மெஷினைக் காட்டி ஓட்டுன்னு சொன்னா, சர்டிபிகேட்டை மாட்டியா ஓட்டுவேன்?”

கட்டுக்குள் இருந்த ஒரே நிஜம்

ராகவன் சார் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “அவளுக்கும் ஒண்ணு அடிச்சு வை, நாளைக்கு மனசு மாறிடும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்குள் சசிதரன் வந்தான், பன்னிரண்டு பேரில் ஒருவன். “செல்வி, என்னோடதை முதல்ல அடி, ஊருக்குப் போகணும்” என்று மேஜையைத் தட்டினான். போகவே விரும்பாதவனுக்குச் சர்டிபிகேட் தயார். போகத் துடிக்கிறவளுக்குக் கேட் பூட்டு. எனக்குத் தலை கொதித்தது.

பன்னிரண்டு சர்டிபிகேட் அடித்தேன். பதின்மூன்றாவதாக அதே லெட்டர்ஹெட்டில் வேறொன்று அடித்தேன். ‘குமாரி வத்ஸலாவை மே மாதம் முதல் வாரத்திலிருந்து ஆறு வாரம் எங்கள் மெஷின் ஷாப்பில் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்கிறோம். தினமும் காலை எட்டு மணிக்குக் கேட்டில் அனுமதிக்கவும்.’ பென்சிலால் குறியும் போட்டேன். நாலு மாதத்தில் அந்த லெட்டர்ஹெட்டில் நான் அடித்த பொய் இல்லாத பேப்பர் அது ஒன்றுதான்.

மானேஜர் அன்றைக்கும் டெலிபோனில்தான் இருந்தார். மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்றாவது வந்தது. ஏமாற்றினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்று, “சார், இதை மட்டும் படிச்சிட்டுப் போடுங்க” என்று சத்தமாகவே சொன்னேன். சீல் அடிக்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். மானேஜர் நிமிரவில்லை. “ஒண்ணு போ மோளே, எனக்குச் சமயமில்ல” என்று போட்டுவிட்டார்.

சாவி

மே முதல் திங்கட்கிழமை சேச்சி அண்ணனுடைய காக்கிக் கோட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கடிதத்தோடு போனாள். வாட்ச்மேன் சீலைப் பார்த்தான், கேட்டைத் திறந்துவிட்டான். பத்து மணிக்கு மானேஜர் மெஷின் ஷாப்பில் ஒரு பெண் லேத் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டாராம். அவள் கடிதத்தை நீட்டினாள். அவருடைய கையெழுத்து, அவருடைய சீல். சுற்றிலும் ஆட்கள், யூனியன்காரர் உட்பட. படிக்காமல் போட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அப்படி வேறு எதற்கெல்லாம் போட்டீர்கள் என்று எவனாவது கேட்டுவிட்டால்?

அதனால் பழையபடி கக்கூஸைப் பிடித்துக்கொண்டார். பெண்ணுக்கு வசதி இல்லையே என்றார். அங்கே ஃபோர்மேன் பழனிச்சாமி என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஆபீசர்களுக்கென்று பூட்டியே கிடக்கும் கக்கூஸின் சாவியை வாங்கி வந்து சேச்சியிடம் கொடுத்தார். மானேஜரைப் பார்த்து, “ஏனுங் சார், சாவி ஒண்ணு குடுத்தாத் தீர்ற காரியத்துக்கா இத்தன காயிதம் எழுதீட்டு இருந்தோம்?” என்றார்.

மானேஜர் படிக்க ஆரம்பித்தார்

இதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை, சத்தியமாக. சூடுபட்ட மானேஜர் அன்று மத்தியானம் டெலிபோனைக் கீழே வைத்துவிட்டு, தான் போட்ட கையெழுத்தெல்லாம் எதன் மேல் என்று பார்க்கக் கிளம்பினார். ஜீப்பில் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். பன்னிரண்டு சர்டிபிகேட்டையும் வாங்கி நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘சிரத்தையுடன்’ என்ற இடத்தில் இரண்டு தடவை நிறுத்தினார். பிறகு பன்னிரண்டையும் சேர்த்துக் கிழித்தார். நாளை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேரும் கேட்டில் நிற்க வேண்டும், ஆறு வாரம் முடியாமல் ஒருவனுக்கும் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குப் போயிருந்தவர்களுக்குத் தந்தி பறந்தது.

ராகவன் சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்து உறவை நான் ஒரு தாளில் கெடுத்துவிட்டேனாம். மீதியிருந்த நாட்களுக்கு நீ வர வேண்டாம் என்றார். மேஜை டிராயரைக் காலி செய்யும்போது கேட்டேன்: “சார், பிள்ளைகள் பயிற்சிக்குப் போகணும்னுதானே இந்தப் பிரிவு? இப்ப பதிமூணு பேரும் போறாங்களே, என்ன கெட்டுப் போச்சு?” அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். “போறது கெடுதலில்ல செல்வி, இனி எல்லா வருஷமும் போகணுமே!” என்றார்.

கடைசிச் சர்டிபிகேட்

ஜூன் மாதம் வத்ஸலா சேச்சி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கையில் சர்டிபிகேட். டைப் அடித்தது இல்லை, மானேஜர் கைப்பட எழுதியது. ‘முதல் வாரத்தில் இரண்டு டூல் உடைத்தார். அதன் பிறகு உடைக்கவில்லை. பம்புக்கு ஷாஃப்ட் தனியாகக் கடைவார்.’ அவ்வளவுதான். நான் அடித்த எந்தச் சர்டிபிகேட்டிலும் இப்படி ஒரு வரி இருந்ததில்லை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது, கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க அவளோடு கிழக்கேகோட்டை வரைக்கும் நடந்தேன்.

அங்கே சசிதரன் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். கொப்புளம் உடைந்து காய்த்துப் போயிருந்தது. நகத்துக்கடியில் கறுப்பு. நடுத்தெருவென்றும் பார்க்காமல் கத்தினான்: “எல்லாம் உன்னாலதான் செல்வி! ஆறு வாரமா அரம் பிடிச்சுப் பிடிச்சு, இப்ப ஒரு பம்ப் நின்னுபோனா ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரியுது, பக்கத்து வீட்டுக்காரனெல்லாம் கூப்பிடறான்!”

நாலு வருஷம் படித்தவனுக்குப் பம்ப் ஏன் நிற்கிறது என்று தெரியவைத்த குற்றத்துக்காக வேலை போனவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.