கிளேபாங் புட்டும் ஒரு வாக்குமூலமும்

வயிற்றுக்குள் போன சோற்றையும் போலீஸ்காரனால் கண்டுபிடிக்க முடியும் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு ஏழு வயது. நம்பியதோடு நிற்கவில்லை. மூச்சை உள்ளிழுத்து வயிற்றை முதுகோடு ஒட்டவைக்கவும் பழகி வைத்திருந்தேன். இன்றைய என் தொப்பையைப் பார்க்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாம் அப்பா சொன்ன ஒரு சொல்லால் வந்தது. அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்டிருந்த அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கையும் போய்ச் சேரக்கூடாது என்று எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீரோடுதான் கேட்டைத் தாண்டவேண்டும். அரிசி அளந்துதான் கிடைக்கும். மலாக்கா டவுனிலிருந்து ஏதாவது வாங்கி வரலாம் என்றால் வழியில் செங் என்ற ஊரைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி. அனுமதிச் சீட்டு இல்லாமல் சாப்பாட்டுச் சாமான் எதுவும் அந்த இடத்தைக் கடக்க முடியாது.

ஆனால் டவுனுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. சட்டத்தில் இருந்த இந்த ஓட்டையை அப்பா கண்டுபிடித்தார். சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை எங்களை பஸ்ஸில் ஏற்றி மலாக்காவுக்குக் கொண்டுபோய், கடை கடையாகத் தின்ன வைத்துத் திரும்பக் கூட்டி வருவார்.

“கையில கொண்டாந்தாதான பிடிப்பான்? நாம வயித்துல கடத்துவோம்லா!” என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அரிசி கடத்தியவன் என்று ஒருவனைக் கையில் விலங்கோடு லாரியில் ஏற்றியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அவனுக்கு அடுத்து நாங்கள்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்காகச் சாப்பிடாமல் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. பயந்து நடுங்கிக்கொண்டே இரண்டாம் முறை கறி கேட்டு வாங்குகிற ஜாதி நான்.

அந்த மாதம், கட்டிக்கொடுத்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. பாயில் சுருண்டு கிடந்தவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கிளேபாங் புட்டு. சின்னத் தட்டில் அரிசி மாவைப் பரப்பி, நடுவில் வெல்லத்தை வைத்து, ஆவியில் வேகவைத்துத் தேங்காய்ப்பூவோடு தருவார்கள். பஸ் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் என்பதால் அவளை அழைத்துப் போகவும் வழியில்லை.

கிளம்பும்போது அம்மா கேட்டாள், “புள்ளத்தாச்சி ஆசப்பட்டுக் கேட்டிருக்கா. ரெண்டே ரெண்டு வாங்கியாந்தா என்ன?”

“அரிசி மாவு, வெல்லம். ரெண்டும் ஆகாதுன்னு போர்டு போட்டிருக்கான். பிடிச்சா சும்மா விடுவானா?”

“ரெண்டு புட்டத் தின்னுட்டா காட்டுல உள்ளவன் சண்ட போடப் போறான்?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

டவுனில் இறங்கியதும் முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடை. கடைக்கார நானாவுக்கு எங்கள் குடும்பம் பழக்கம். “வந்துட்டாங்கய்யா தோட்டத்துப் பட்டாளம், சட்டியக் கழுவி வைங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்துவார். ஆட்டுக்கறிச் சோறு. அது முடிந்து ஆற்றோரத்தில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல். பிறகு ஒரு மலாய்க்காரர் வண்டியில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ். ஒவ்வொரு கடையிலிருந்து எழும்போதும் நான் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். அது பார்சல் கணக்காகப் புடைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்போல இருந்தது.

கடைசியாக கிளேபாங். கடலோரச் சாலையில் புட்டு விற்கிற மலாய்க்காரப் பெரியம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், தட்டுகளை நீட்டிவிட்டு, “புங்குஸ்?” என்று கேட்டாள். கட்டித் தரவா என்று அர்த்தம். அப்பா ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல இரண்டு கையையும் ஆட்டினார். “தா போலே, தா போலே!” கூடவே கூடாதாம். நான் ஐந்து புட்டு தின்றேன். ஐந்தாவதைத் தின்னும்போது அழுகையே வந்துவிட்டது. பயத்தால் என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். பிறகு அப்பா என்னைக் கடலில் கை கழுவக் கூட்டிப் போனார். அம்மா அங்கேயே நின்றாள்.

திரும்பும் பஸ் சாவடியில் நின்றது. ஆண்களை இறக்கித் தடவிப் பார்த்தார்கள். பைகளைக் கவிழ்த்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு சீனப் பெண் உண்டு. அவள் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தாள். அதனால் பெண்களின் கூடைகளை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சட்டையும் தொப்பியுமாக நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம் ஆள், தமிழர். டிரைவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டியவர், படிக்கட்டில் வயிற்றை எக்கிப் பிடித்தபடி நின்ற என்னைக் கண்டார்.

“என்னடா தம்பி, மூச்ச அடக்கிட்டு நிக்கிற? டவுனுக்குப் போயி என்னத்த முழுங்கின?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு மாட்டிக்கொண்டோம் என்று ஆகிவிட்டது. அடக்கிய மூச்சோடு எல்லாமே வெளியே வந்தது.

“நான் அஞ்சுதான் மாமா! அப்பாதான் மாமா கடத்தச் சொன்னாரு! அம்மாவும் கடத்துறாங்க மாமா!”

பஸ் முழுவதும் சிரித்தது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். “அடேய், ஒங்கப்பனுக்கு நீயே போதும்டா!” என்றார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கொஞ்சம் தள்ளி ஜீப் அருகில் நின்ற வெள்ளைக்கார அதிகாரிக்கு அந்தச் சிரிப்பு கேட்டுவிட்டது. என்ன சொல்கிறான் பையன் என்று கான்ஸ்டபிளைக் கேட்டான். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேடிக்கையாக இருந்த ஒரு சொல், இங்கிலீஷில் போனதும் வெறும் குற்றமாக நின்றது. “சும்மா சின்னப் பிள்ளை” என்று அவர் கையை விரித்துக் காட்டியதும் எடுபடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அம்மாவை ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசைக்குள் கூட்டிப் போனாள். பஸ்ஸில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. உள்ளே ஏதோ பேச்சு எழுந்தது. அப்பா யாரையும் கேட்காமல் பஸ்ஸிலிருந்து குதித்துக் குடிசை வாசலுக்கு ஓடினார்.

திரும்பி வந்தது அம்மா மட்டும். அப்பாவை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, “அம்மா கையப் பிடிச்சுக்கடா” என்றார்.

நான் அதைச் செய்யவில்லை. சாலையோரக் கால்வாய்க்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டேன். ஐந்து புட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் அப்பாவை விட்டுவிடுவார்கள் அல்லவா? மீயும் செண்டோலும்கூட வந்தன. தலையைத் தூக்கி, “மாமா, பாருங்க, எல்லாம் இங்க இருக்கு!” என்று அந்தக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லாரி போய்விட்டது.

அடுத்த நாட்களில் நான் சோறு தொடவில்லை. வயிறு காலியாக இருந்தால் வழக்கு நிற்காது என்பது என் சட்ட அறிவு. மூன்றாம் நாள் அம்மா அறைந்து ஊட்டினாள். நான் தின்றதற்காகத்தான் அப்பா உள்ளே போனார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்ததும் உண்டு. கால்வாயோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், அப்படி நான் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த பந்தியில், அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாள். அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நாங்கள் கடலில் கை கழுவிய நேரத்தில், அம்மா அக்காவுக்காக இரண்டு புட்டை வாழையிலையில் கட்டி வாங்கி, சேலைக்குள் இடுப்பில் முடிந்துகொண்டாள். அப்பாவுக்குத் தெரியாது. குடிசை வாசலில்தான் தெரிந்தது. வெல்லம் உருகி அம்மாவின் இடுப்பெல்லாம் ஒட்டியிருந்தது. “வாங்கினதும் நான், மறைச்சுக் கொண்டாரச் சொன்னதும் நான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று அப்பா சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு கொண்டுபோனதாக வழக்கு. ஒன்றரை வருஷம் சிறை. அப்பா வெளியே வந்து பேரனை முதன்முதலாகப் பார்த்தபோது, அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.